மலை அறிந்த மழையை மந்திரிமார் அறியாரோ?

சித்திரை மாதத்து நாளொன்றில் கொழும்பிலிருந்து வெளியாகும் வானிலை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்களிற் பல இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும். மின்னலினின்றும் பொதுமக்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். நேற்றைய அறிக்கையும் இதுவே. நாளைய அறிக்கையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். அறிக்கை பொய்யென்று நாம் கூறவரவில்லை. அது முற்றிலும் உண்மை. ஆனால் மலையேறப் புறப்பட்டு நிற்பவனுக்கு எள்ளளவும் உதவாத உண்மை!

சப்ரகமுவ என்பது என்ன, ஒரு வயலா, ஒரு முற்றமா? ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் பரந்த மாகாணம் அது. அதன் ஒரு கோடியில் எம்பிலிப்பிட்டியவின் வெந்த சமவெளி. மறு கோடியில் 2,243 மீற்றர் உயர்ந்து முகிலைக் கிழித்து நிற்கும் சிவனொளிபாதமலை. இடையில் இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எனத் தேயிலையும் இறப்பரும் ஏறியிறங்கும் நூற்றுக்கணக்கான சரிவுகள். எம்பிலிப்பிட்டியவில் நிலம் வெடித்துக் கிடக்கும் அதே மாலையில் குருவிட்டவில் ஓடை கரைபுரளக்கூடும். இவையனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைக்கிறது வளிமண்டலவியல் திணைக்களம். திணைக்களத்தின் அறிஞர்கள் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்லார். அவர்களிடம் மலைக்கென்று தனியறிக்கை கேட்டவர் எவருமில்லை. ஆகவே அவர்கள் கொடுக்கவுமில்லை. அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்து உழவனுக்கும் மட்டக்களப்பு உழவனுக்கும் காற்றின் பெயர்களை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, அதற்கேற்ப விதைத்து, அதற்கேற்ப வலையிழுத்து வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. ஆனால் பங்குனி, சித்திரை என்னும் இரு மாதங்கள் அந்தக் கணக்குக்குள் அடங்காதவை. வாடை ஓய்ந்துவிட்டது, சோளகம் இன்னும் எழவில்லை. நாட்டின் மேல் பெருங்காற்று எதுவும் ஆட்சி செலுத்தாத இந்த இடைக்காலத்தில் ஒவ்வொரு மலையும் தன் வானிலையைத் தானே ஆக்கிக்கொள்கிறது. காலையில் வானம் கழுவிய கண்ணாடி போலிருக்கும். கதிரவன் ஏற ஏறச் சரிவுகள் சூடேறும். சூடேறிய காற்று மேலெழும். மேற்குக் கடலிலிருந்து நீராவி சுமந்துவரும் கடற்காற்று அதனோடு சேர்ந்து மலைமுகத்தில் மோதி மேலும் உயரும். பதினொரு மணிக்கு உச்சியின் தோளில் பஞ்சுப்பொதி போன்ற முகிலொன்று அமரும். பன்னிரண்டுக்கு அது கோபுரமாகும். இரண்டுக்குள் கோபுரத்தின் அடி கறுத்துவிடும். பின்பு இடி, பின்பு கொட்டும் மழை, இருட்டியதும் ஒன்றுமே நடவாதது போல் நட்சத்திரம்! சப்ரகமுவ மலைகளின் தென்மேற்குச் சரிவுகளிற் சில இடங்கள் இவ்விரு மாதங்களில் மட்டும் 700 மில்லிமீற்றருக்கும் மேலான மழையைப் பெறுகின்றன. அந்த மழை மாதம் முழுவதும் பரவிப் பெய்வதன்று. பிற்பகலுக்குப் பிற்பகல், சரிவுக்குச் சரிவு, அடித்து ஓய்வது. இலங்கையில் மின்னல் மிகுந்த காலமும் இதுவே.

இந்தக் காலமல்லவா யாத்திரைக் காலம்! மார்கழியை ஒட்டிவரும் உந்துவப் போயாவில் தொடங்கி வைகாசி வெசாக் போயாவுடன் முடிவது சிவனொளிபாதமலைப் பருவம். அதன் பின்பாதி முழுவதும் இடிமழைக் காலத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தோட்டங்களிலிருந்தும், வவுனியாவிலிருந்தும், கொழும்பிலிருந்தும், கடல்கடந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாய்ப் புறப்படுகிறார்கள். சைவனுக்கு அது சிவன் அடி. பௌத்தனுக்குப் புத்தர் அடி. இஸ்லாமியனுக்கு ஆதம் அடி. இடி மூவருக்கும் ஒன்றே.

நம் முன்னோர் இம்மலையை எவ்வாறு ஏறினார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். இரவில் ஏறினார்கள். நள்ளிரவுக்கு முன்னோ பின்னோ புறப்பட்டு, விடியலில் உச்சியில் நின்று கதிரவனைக் கண்டு, வெயில் முற்றுமுன் இறங்கிவிட்டார்கள். இது வெறும் பக்தி வழக்கமென்று படித்தவர் சிலர் கருதுகிறார்கள். அவ்வழக்கத்தினுள்ளே ஒரு வானிலை முன்னறிவிப்பு ஒளிந்திருக்கிறது என்பதை அவர்கள் காண்பதில்லை. பிற்பகலில் மலை இடிக்குச் சொந்தம். ஆகவே அந்நேரம் மனிதன் அங்கே இருக்கக் கூடாது என்ற அனுபவமே அந்த இரவு நடையின் உட்பொருள் என்று நாம் கொள்கிறோம். 1344இல் இம்மலையை ஏறிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, தமிழ் மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்தனுப்பிய பல்லக்கோடும் வழித்துணையோடும் புறப்பட்டவர். உச்சிக்கு இரு வழிகள் உண்டென்றும், பற்றியேறச் சங்கிலிகள் உண்டென்றும், மேலே நின்றபோது முகில்கள் தமக்குக் கீழே கிடந்தன என்றும் எழுதிவைத்தார். வழிகாட்டியில்லாமல் அவர் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு வழக்கம் மாறிவிட்டது. காலைச் சிற்றுண்டி முடித்து, ஒன்பது மணிக்கு மலையடியில் இறங்கும் இளைஞர் கூட்டத்தை நாம் காண்கிறோம். ஹற்றன், நல்லதண்ணி வழியே ஏறுவோர் ஓரளவு பிழைத்துக்கொள்வர். படிகளும் கடைகளும் கூட்டமும் அங்கே உண்டு. ஆனால் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தல வழியாகவோ, குருவிட்ட எரத்ன வழியாகவோ ஏறுபவனின் நிலை வேறு. அவன் தொடங்கும் இடம் தாழ்வானது, ஏறவேண்டிய உயரம் மிக அதிகம், பாதை நீண்டது, காடு அடர்ந்தது, ஓடைகள் பல. பகல் பதினொன்றுக்கு ஒரு முழங்கால் நீரில் கடந்த ஓடை, மேலே எங்கோ பெய்த மழையால் மூன்று மணிக்கு இடுப்பளவு சுழித்தோடும். கடந்தவன் திரும்ப வழியில்லை. இரு பாதைகளும் கூடும் ஹெரமிட்டிபானையைத் தாண்டி மகாகிரிதம்பச் செங்குத்தில் இரும்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கையில் இடி இறங்கினால் அவன் எங்கே ஓடுவான்? ஈரமான பாறை, இரும்பு, உயரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடம் அது. மின்னலைக் கண்ட கணத்திலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, 30 எண்ணுவதற்குள் ஒலி கேட்டால் 10 கிலோமீற்றருக்குள் ஆபத்து வந்துவிட்டது என்று உலகெங்கும் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். கடைசி இடி கேட்டபின் அரைமணி கழியும்வரை திறந்த இடத்துக்கு வரலாகாது என்றும் கற்பிக்கிறார்கள். பலாபத்தலையில் இதனை ஒரு பலகையில் தமிழில் எழுதிவைக்க எத்தனை இலட்சம் ரூபாய் வேண்டும்?

குளிரையும் சொல்லிவிடுவோம். இரத்தினபுரி நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றரும் உயராத இடம். காற்று ஆயிரம் மீற்றர் ஏறும்போது ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குளிரும். நகரில் இரவு 23 பாகையாக இருக்கையில், அந்தக் கணக்குப்படி உச்சியில் 9 பாகைதான். இரத்தினபுரியின் பங்குனிப் புழுக்கத்தில் வியர்த்துக் களைத்து மெல்லிய சட்டையோடு புறப்பட்டவன், மாலை மழையில் நனைந்து, உச்சிக்காற்றில் நடுங்கும்போது உடற்சூடு இறங்கி மனம் தடுமாறும். குளிர் நாடுகளில் மட்டுமே மனிதன் குளிரால் சாவான் என்பது மூடநம்பிக்கை. பெரியவர்கள் கம்பளியைத் தோளிற் போட்டுக்கொண்டு ஏறியது அலங்காரத்துக்கன்று.

இதுவரை யாத்திரிகனைப் பற்றிப் பேசினோம். ஆனால் மலை நடப்பவன் அவன் ஒருவன்தானா? ஆண்டுக்கொரு முறை மலையேறுபவனை மலைநடையன் என்று அழைத்துப் பெருமைப்படும் உலகம், ஆண்டில் முந்நூறு நாள் மலையேறும் ஒருத்தியை மறந்துவிட்டது. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டி, சறுக்கும் சரிவில் நிரை பிடித்து ஏறுகிறாளே கொழுந்தெடுக்கும் பெண், அவளைவிடப் பெரிய மலைநடையர் இந்த நாட்டில் உண்டா? யாத்திரிகன் விரும்பி ஏறுகிறான். அவள் பிழைக்க ஏறுகிறாள். பிற்பகல் 2 மணிக்கு அவன் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம். அவள் அந்நேரம் மலையின் திறந்த முதுகில், நிழல்மரங்களுக்கிடையே நிற்கிறாள். மின்னல் தேடிவரும் உயரம் அந்த நிழல்மரமே. மழைக்கு ஒதுங்க அவளுக்குக் கிடைப்பதும் அதே மரத்தின் அடிதான்!

இங்கேதான் நம் வழக்கின் உயிர் இருக்கிறது. அவளுக்கு வானிலை தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்த உச்சியில் முகில் குந்தினால் எத்தனை மணிக்கு எந்த மலையில் மழை இறங்கும் என்பதை எந்த இயந்திரத்தினும் நுட்பமாக அவள் அறிவாள். தாயிடமும் பாட்டியிடமும் கற்ற அறிவு அது. பதினொரு மணிக்கே அவள் அறிந்துவிடுகிறாள். ஆனால் அறிந்து என்ன பயன்? கூடையை இறக்கிவைத்து லயனுக்குத் திரும்பும் உரிமை அவளுக்கில்லை. திரும்பினால் அரைப்பேர். நிறை குறைந்தால் அதற்கும் வெட்டு. கங்காணி சொல்ல வேண்டும். கங்காணிக்குக் கணக்கப்பிள்ளை சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளைக்குத் துரை சொல்ல வேண்டும். துரைக்கோ கொழும்பிலிருந்து வந்த அறிக்கையில் பல இடங்களில் மழை என்றுதான் எழுதியிருக்கிறது. எந்த இடம் என்று எவர் சொல்வது? யாத்திரிகனுக்கு இறங்கிவரும் உரிமை உண்டு, எப்போது இறங்க வேண்டுமென்ற அறிவில்லை. அவளுக்கு அறிவு உண்டு, இறங்கும் உரிமையில்லை. இருவர் குறையையும் ஒரே தாள் தீர்க்கும்: மலைக்கென்று எழுதப்பட்ட, அதிகாரமுள்ள, அவரவர் மொழியிலுள்ள ஓர் அறிக்கை.

அது முடியாத காரியமென்று சொல்லும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு நாட்டைக் காட்டுகிறோம். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டவர் ஜேம்ஸ் டெயிலர். அவர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்கு முன்னும் பின்னும் வந்த துரைமார் பலரும் அந்நாட்டவரே. தங்கள் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டிவிட்டுப் போனவர்கள். அந்த ஸ்கொட்லாந்தில் இன்று மலைநடையர்க்கென்றே, மலைத்தொடர் வாரியாக, நாள்தோறும் இலவசமாக வானிலை முன்னறிவிப்பு வெளியாகிறது. அதில் என்னென்ன இருக்கும் தெரியுமா? 900 மீற்றர் உயரத்தில் எவ்வளவு குளிர். உச்சியில் காற்றின் வேகம் என்ன. அந்தக் காற்று நடப்பவனை எவ்வாறு பாதிக்கும், நிமிர்ந்து நடக்க விடுமா, தள்ளிவிடுமா. முகில் எந்த உயரத்துக்கு மேல் மலையை மூடும். உச்சிகள் முகிலின்றித் தெரிய எத்தனை வீதம் வாய்ப்பு. உறைநிலை எந்த உயரத்தில். பள்ளத்தாக்கில் பூ மலர்ந்திருக்கும் ஏப்ரலில் உச்சியில் பனிப்புயல் அடிக்கலாம் என்பதனால், தாழ்நிலத்து அறிக்கையை மலைக்குப் பயன்படுத்துவது கொலைக்கு ஒப்பாகும் என்று அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸ் எவ்வளவு உயரம்? 1,345 மீற்றர். சிவனொளிபாதமலையின் அரைத்தோளைச் சற்றே தாண்டும் உயரம்! துரை வந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உலாவப் போகிறவனுக்கு இத்தனை கவனம். துரை விட்டுச்சென்ற நாட்டில், அவன் நட்ட தேயிலையைக் கிள்ளி இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தருபவளுக்கு ஒரு வரியும் இல்லை.

பிற்பகல் இடிமழை இன்ன மலையில் இன்ன மணிக்கு இறங்கும் என்று முதல்நாளே துல்லியமாகச் சொல்லும் விஞ்ஞானம் எங்குமில்லை என்பதை நாம் அறிவோம். அதைச் சொல்லி நம் வாயை அடைக்க வேண்டாம். உச்சிக் காற்று, முகிலின் அடி, இரவுக் குளிர், காற்றிலுள்ள ஈரம், இடி எழும் வாய்ப்பு மிகுதியா குறைவா என்பன சொல்லக்கூடியவை. முகில் வளர்ந்தபின் அதனைத் தொடர்ந்து நோக்கி அடுத்த ஓரிரு மணிக்கு எச்சரிப்பதும் கூடியதே. மின்னல் எச்சரிக்கைகளை மாவட்டம் குறித்துத் திணைக்களம் இப்போதே வெளியிடுகிறதல்லவா? மாவட்டத்திலிருந்து மலைக்கு இன்னும் ஒரு படி இறங்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே பாடம் நெருப்பால் எழுதப்பட்டது. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கிவந்த நடைபயணக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். 20க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அங்கே பங்குனி என்றால் காய்ந்த புல்லும் திசைமாறும் மலைக்காற்றும். இங்கே பங்குனி என்றால் இடியும் பெருக்கும். மாதம் ஒன்றே, மலைக்கு மலை ஆபத்து வேறு. அத்துயரத்துக்குப் பின்னரே தமிழ்நாட்டு அரசு மலைநடைக்கென விதிகளை வகுத்தது. நம் ஆட்சியாளரும் சுடலைக் கணக்கைப் பார்த்தபின்தான் சட்டம் எழுதுவார்களோ?

சுடலைக் கணக்குக்கும் இங்கே குறைவில்லையே! 2003 மே 17. இரத்தினபுரி மாவட்டத்தில் பெருவெள்ளமும் மண்சரிவும். நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பேரிடரில் மிகப் பெரும் பங்கு அம்மாவட்டத்துக்கு. 2016 மே 17. கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை பெயர்ந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய ஆகிய கிராமங்கள் மண்ணுள் புதைந்தன. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுபகனைத் தோட்டத்தில் லயன் அறைகளின் மேல் மலை சரிந்தது. பத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர் மாண்டனர். 2017 மே இறுதியில் மீண்டும் இரத்தினபுரி, மீண்டும் களுத்துறை, மீண்டும் இருநூறுக்கு மேல். மூன்றும் மே மாதம். 2016இல் அந்தச் சரிவு நிகழ்ந்தது வெசாக் போயாவுக்கு நான்கே நாள் முன்பு. யாத்திரைப் பருவம் முடியும் வாரங்களிலேயே சோளகம் இறங்குகிறது. இரு மாதத்து இடிமழையில் ஏற்கனவே ஊறிப்போன மண்ணின் மேல் இறங்குகிறது. யாத்திரிகன் பேருந்தேறி வீடு போய்விடுவான். லயன்காரனுக்கு அந்தச் சரிவே வீடு.

மண் எப்போது பெயரும் என்பதற்கும் அளவுகோல் இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையானால் விழிப்பு, 100 ஆனால் வெளியேற ஆயத்தம், 150 ஆனாலோ, ஒரே மணியில் 75 பெய்தாலோ, உடனே வெளியேற்றம். எவ்வளவு எளிய கணக்கு! ஒரு மழைமானியும், எண் படிக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்துவிடும். ஆயினும் எத்தனை லயன்களின் முற்றத்தில் மழைமானி இருக்கிறது? எத்தனை பிரட்டுக்களங்களில் இந்த மூன்று எண்களும் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன? வாசகர்கள் தத்தம் ஊர்ப்பக்கத் தோட்டமொன்றுக்குச் சென்று பார்த்து நமக்கு எழுதட்டும்.

கான்களையும் பார்த்து வரட்டும். பழைய துரைமார் எவ்வளவு கொடியவராயினும் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையிற் சேர்க்கும் வேலையில் தவறியதில்லை. தேயிலை கழுவுண்டு போகுமென்ற பயம் அவர்களுக்கு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குச் சென்றபின், ஆட்குறைப்பில் முதலில் குறைக்கப்பட்டவற்றுள் கான் வெட்டும் ஒன்று என்பது மலையில் நடப்பவர் எவர் கண்ணுக்கும் தெரியும். தூர்ந்த கானில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணுக்குள் இறங்கிய நீர் என்ன செய்யும் என்பதை அரநாயக்கவில் கண்டோம்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை விட முடியாது. 1956இல் தமிழைத் தள்ளிவைத்துச் சட்டம் செய்த நாடு, 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியென ஏட்டில் எழுதிக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வானிலை அறிக்கை தமிழில் வருவதே இல்லையென்று நாம் பொய்யுரைக்க மாட்டோம், வருகிறது. ஆபத்து வேளையில் அது எந்நேரம் வருகிறது என்பதே கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சீரழித்து 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபோது, தமிழில் எச்சரிக்கைகள் பிந்தின, போதவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. மண்சரிவுக்கு இரு மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருக்கிறாரென்று மலை காத்திருக்கவும் மாட்டாது. சிங்கள அறிக்கை வெளியாகும் அதே நிமிடம் தமிழறிக்கையும் வெளியாக வேண்டும். இது சலுகையன்று, சட்டம்.

ஆட்சிப்பீடத்தைத் திட்டிவிட்டு நம்மவரைத் தப்பவிடுவது நியாயமாகாது. சந்தா வாங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்கிறோம்: கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் எத்தனை முறை மின்னலைப் பற்றி வாய் திறந்தீர்கள்? சம்பள உயர்வுக்காகப் போராடினீர்கள், வாழ்த்துகிறோம். ஆனால் இடி கேட்டவுடன் மலையிலிருந்து இறக்கப்படும் தொழிலாளிக்கு முழுப்பேர் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க உங்களுக்குத் தோன்றவில்லையே, ஏன்? மந்திரிப் பதவியில் அமர்ந்தபோதாவது தோன்றியதா? வெள்ளம் வந்தபின் உலர் உணவுப் பொதியோடு படமெடுத்துக்கொள்ள மட்டும் முதல் வண்டியில் வருகிறீர்கள்.

படித்த தமிழரையும் கேட்கிறோம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் வீற்றிருப்போரே! சித்திரை விடுமுறையில் மலையேறப் புறப்படுமுன் கைத்தொலைபேசியில் ஏதோ வெளிநாட்டுக் கம்பனியின் சின்னப்படத்தைப் பார்க்கிறீர்கள். பாதி வெயில், பாதி முகில், ஒரு துளி. அந்தப் படம் இரத்தினபுரி நகரத்துக்குரியதா, உச்சிக்குரியதா என்று ஒருமுறையேனும் ஆராய்ந்தீர்களா? பலாபத்தலையில் அல்லது எரத்னையில் வழியோரத்துக் கடைக்காரரிடம், மேலிருந்து இறங்கிவரும் சுமைகாரரிடம், இன்றைக்கு மலை எப்படி என்று கேட்டதுண்டா? கேட்டால் சொல்வார்கள். சிங்களவரும் சொல்வர், தமிழரும் சொல்வர். மலையில் வாழ்பவரிடையே அந்த வேற்றுமை அரிது. அவர் போகாதே என்றால் போகாதிருங்கள். வந்துவிட்டோமே, விடுமுறை வீணாகிறதே என்னும் நகரத்து அவசரமே மலையில் மனிதனைக் கொல்கிறது.

பொறியியல் கற்றோரும் விவசாய ஆசிரியர்களும் விரும்பினால் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடிமட்டமாக நேர்ச்சுவருள்ள ஒரு கண்ணாடிப் போத்தலும், ஒரு மில்லிமீற்றர் அளவுகோலும் இருந்தால் மழைமானி ஆயிற்று. தோட்டத்துக்கு ஒன்று வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்குப் படித்து ஏட்டில் எழுதச் சொல்லிக் கொடுங்கள். மூன்று பருவம் எழுதிய ஏடு கையிலிருந்தால், இந்த மலையில் மழை இல்லை என்று எந்தத் துரையும் வாதிட முடியாது. உழவர்களாகிய வாசகர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுமா?

ஆயினும் அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ இதுவொரு சாக்காகிவிடக் கூடாது. வரும் உந்துவப் போயாவுக்கு முன்னர் சப்ரகமுவ மலைகளுக்கெனத் தனியறிக்கை தொடங்கப்பட வேண்டும்: உச்சிக் காற்று, உச்சிக் குளிர், முகிலின் உயரம், இடியின் வாய்ப்பு, ஓடைகளின் நிலை. அது காலை ஐந்து மணிக்கு இரு மொழியிலும் வெளிவர வேண்டும்; ஏனெனில் பிரட்டு அதற்குப் பின்னர்தான். தோட்டந்தோறும் பிரட்டுக்களத்தில் அதை உரக்க வாசிக்கும் பொறுப்பைக் கம்பனிகள் ஏற்க வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்த நாளில் மலையிலிருந்து இறங்குபவருக்கு ஒரு சதமும் குறையாத முழுப்பேர் போட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கேட்டுக் கம்பனிக்காரர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆண்டில் எத்தனை பிற்பகல் நட்டமாகும் என்று கணக்கிட்டு வெளியிடட்டும். நாமும் ஒரு கணக்கை வெளியிடுகிறோம்.

வளிமண்டலவியல் திணைக்களம் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தை 383ஆம் இலக்கத்தில் இருக்கிறது. ஓர் அஞ்சலட்டையில் மூன்றே வரி எழுதுங்கள்: எங்கள் மலைக்குத் தனியறிக்கை வேண்டும், தமிழில் வேண்டும், காலை ஐந்துக்கு வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்குண்டு. பதில் வந்தால் அதன் நகலையும், வராவிட்டால் நீங்கள் அட்டையிட்ட நாளையும் இவ்வேட்டுக்கு அனுப்பிவையுங்கள், இரண்டையும் அச்சிடுவோம்.